பத்தாவது கிலோமீட்டரில் நிற்கும் புகை

திண்டிவனத்துப் புகை ரொம்ப ஒழுக்கமானது. ஆலையின் புகைபோக்கியை விட்டுக் கிளம்பும், நாலு வயல் இரண்டு ஏரி தாண்டும், சரியாகப் பத்தாவது கிலோமீட்டர் வந்ததும் நின்றுவிடும். அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்காது. நம்பாதவர்கள் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எதையாவது வாங்கிப் புரட்டலாம். நடுவில் ஆலை ஒரு புள்ளி. அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் கலராய் வளையங்கள். வட்டத்துக்கு வெளியே வெறும் வெள்ளைத் தாள். அங்கே ஊர் கிடையாது, கிணறு கிடையாது, மூச்சு விடுகிற ஜீவன் ஒன்றும் கிடையாது.

அந்த வெள்ளைத் தாளில்தான் கழுவேலி இருக்கிறது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். 2021-ல் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகள் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் ஓடை ஓடையாய்ப் போய்ச் சேருகிற இடங்களில் முக்கியமானது அது. அங்கிருந்து உப்பங்கழி வழியாகக் கடல். தண்ணீருக்குப் போகிற வழி தெரியும். நாரைக்கும் தெரியும். வட்டம் போட்ட காம்பஸுக்குத்தான் தெரியாது.

இந்த வட்டத்துக்கு அப்பாலும் பார்க்கிற கணக்கு உலகத்தில் இல்லாமல் இல்லை. ஒரு ரசாயனத்தைக் காற்றில் இவ்வளவு, மண்ணில் இவ்வளவு, தண்ணீரில், சேற்றில், மீனில் இவ்வளவு என்று பங்கு பிரித்து, ஒரு ஆற்றுப் படுகை முழுவதும் அது எங்கே போய் உட்காரும் என்று சொல்கிற மாடல்கள் உண்டு. கனடாவில் டான் மெக்கே என்ற ரசாயனப் பொறியாளர் 1970-களின் இறுதியில் அதற்கு வழி போட்டார். ஐரோப்பியர்கள் அதை எடுத்துக்கொண்டு தங்களுக்கென்று ஒரு 'நிலையான பிராந்தியம்' செய்து வைத்தார்கள். கேரளத்தைவிடக் கொஞ்சம் பெரிய, 40,000 சதுர கிலோமீட்டர் கற்பனை நிலம். இரண்டு கோடிப் பேர் குடியிருக்கிறார்கள். வெப்பநிலை 12 டிகிரி. ஆண்டு மழை 700 மில்லிமீட்டர். காற்று எப்போதும் வினாடிக்கு மூன்று மீட்டர். பொறாமையாகத்தான் இருக்கிறது. அங்கே யாரும் சட்டையைக் கழற்றி விசிறிக்கொள்ள மாட்டார்கள்.

இந்தப் பக்கம் மயிலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மலைமேல் முருகன் கோயில். திண்டிவனத்திலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, போகவும் மாட்டேன் இருக்கவும் மாட்டேன் என்று அதே இடத்தில் பல மணி நேரம் நின்றது. ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. ஐரோப்பாவின் நிலையான பிராந்தியத்துக்கு வருடம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் பத்தில் ஏழு பங்கு, மயிலத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் பெய்து முடிந்தது. அக்னி நட்சத்திரத்தில் இதே ஊரில் கதவுத் தாழ்ப்பாள் கையைச் சுடும். இப்படிப்பட்ட ஊருக்கு மாடலைக் கொண்டுவந்தால் முதலில் அதன் உள்ளுறுப்புகளை எல்லாம் மாற்ற வேண்டும். நம் ஆட்களும் மாற்றுகிறார்கள். அட்டையில் ஊர்ப்பெயரை.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் மகாராஷ்டிராவின் ரத்தினகிரிக்காரர்களைக் கேட்கலாம். அங்கே ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய மதிப்பீட்டு அறிக்கையில், ரஷ்யாவில் ஏதோ ஒரு சுரங்கத்துக்கு எழுதிய பத்திகள் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தன. கொங்கணக் கரையில் பனிநாட்டு மரங்கள் முளைத்திருந்தன. மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் பிர்ச் மரக்காடு. யாரோ உட்கார்ந்து படித்ததால் அகப்பட்டது. படிக்காமல் விட்ட ஊர்களில் எந்த நாட்டுக் காடு வளர்ந்துகொண்டிருக்கிறதோ.

ஆலைக்கு அனுமதி தருமுன் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கல்யாண மண்டபம், இல்லாவிட்டால் மைதானத்தில் ஷாமியானா. முன் வரிசை சோபாவில் ஆலைக்காரர்கள். மேடையில் மாவட்ட நிர்வாகமும் மாசு கட்டுப்பாட்டு வாரியமும். 'வேலைவாய்ப்பை வரவேற்கிறோம்' என்று ஒரே அச்சில் அடித்த அட்டைகளோடு வேனில் இறங்கிய கும்பல் ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம், நடுவில் ஊர். தமிழில் சுருக்க அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்று விதி. கொடுப்பார்கள். 'மாசுபடுத்திகளின் அதிகபட்சத் தரைமட்டச் செறிவு அதிகரிப்பானது அனுமதிக்கப்பட்ட வரம்பினுள் அமையப்பெறும்' என்பது போன்ற தமிழ். அதை எழுதியவரே இரண்டாம் முறை படித்தால் மயங்கி விழுவார். பிறகு மடிக்கணினியோடு கன்சல்டன்ட் எழுந்து, கலர் வளையத்தைத் திரையில் போடுவார். அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்திருப்பாள். இவளைப் போன்ற ஒருத்தி எல்லா ஊரிலும் உண்டு. அவள் இப்படிக் கேட்பாள் என்று வையுங்கள்:

"காத்து நின்னு போச்சுன்னா உங்க கம்ப்யூட்டரு இன்னா சார் பண்ணும்?"

"அந்த நேரத்தைக் கணக்குல எடுத்துக்க மாட்டோம்மா."

"எங்க மூக்கு எடுத்துக்குதே சார்."

சிரிப்பு அடங்கியதும் 'பதிவு செய்யப்பட்டது' என்று மேடை சொல்லும். அடுத்தவர் பேசலாம்.

கன்சல்டன்ட் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை. முன்பு ஐ.எஸ்.சி. என்ற மாடல், இப்போது ஏர்மாட். இரண்டும் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை தருவது, இலவசம். புகை காற்றோடு நேராகப் போகும், போகப் போக அகலும் என்பது அடிப்படை. காற்றின் வேகத்தால் வகுக்க வேண்டும். காற்று நின்றால் வகுக்க எண் இல்லை. ஆகவே அமைதியான மணி நேரங்களை அது தள்ளிவிட்டுப் போகும். நம் ஊரில் மார்கழி, தை விடியற்காலையில் பனி மூட்டத்தோடு காற்று அசையாமல் கிடக்கும். ஆலைப் புகை தலைக்குமேல் ஏறாமல் தெருவிலேயே படுத்துக்கொள்ளும் நேரம் அது. அந்த நேரத்தில்தான் மாடல் லீவு போடுகிறது. திருடன் வருகிற ராத்திரியாகப் பார்த்துக் கூர்க்காவுக்கு விடுப்பு கொடுப்பதும் இதுவும் ஒன்று.

அந்த மாடலுக்கு நினைவும் கிடையாது. ஒவ்வொரு மணி நேரத்தையும் அது புதிதாகத் தொடங்கும். முந்தின மணியில் விட்ட புகை எங்கே போனது என்று கேட்காது. மரக்காணத்துக்காரன் எவனையாவது கேளுங்கள்: காலையில் தரைக்காற்று கடலுக்குப் போகும், மதியம் திரும்பிக் கடல்காற்றாய் வரும். காலையில் கடல்மேல் தள்ளிய புகை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பும். மாடலைப் பொறுத்தவரை காலையில் போனது போனதுதான். கரை திரும்புவதைக் கணக்குப் போடுகிற வேறு மாடல்கள் இல்லையா என்றால் இருக்கின்றன. கால்பஃப் என்று ஒன்று அதைச் செய்யும். வானிலைத் தரவு அதிகம் கேட்கும், நேரம் பிடிக்கும், செலவாகும். சில சமயம் சங்கடமான விடையும் தரும். இதில் கடைசிக் காரணம்தான் முதல் காரணம்.

இந்தப் புகைக் கணக்கின் பூர்வீகமும் வேடிக்கையானது. 1956 கோடையில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஓ'நீல் என்ற ஊருக்குப் பக்கத்தில், மேசை மாதிரி சமமான புல்வெளியில், பத்துப் பத்து நிமிடம் கந்தக டை ஆக்சைடைத் திறந்துவிட்டு அளந்தார்கள். எவ்வளவு தூரம்வரை? 800 மீட்டர். புகை எப்படி அகலும் என்ற அட்டவணைகளுக்கு அந்தப் புல்வெளி ஆதாரமாயிற்று. பிறகு அதையே கிலோமீட்டர் கணக்கில் நீட்டிக்கொண்டார்கள். விஞ்ஞானிகளைக் குறை சொல்ல முடியாது. இது எதற்குப் பொருந்தும் எதற்குப் பொருந்தாது என்று அவர்கள் எழுதியே வைத்தார்கள். செஞ்சி மலைப் பாறைகளுக்கு நடுவே, வானூர் கல்குவாரிப் பள்ளங்களுக்கு மேலே, நெப்ராஸ்காப் புல்லை நட்டது நாம்.

இனி, இதையெல்லாம் தெரியாமல் செய்கிறார்களா என்ற கேள்வி. தெரியாமல் இல்லை. இந்த மண்ணிலேயே சோதித்துப் பார்த்து, இந்த மண்ணின் ஆட்களே சேர்ந்து எழுதி, உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று நம்மிடம் இருக்கிறது. திண்டிவனம் இருக்கிற விழுப்புரமும், பக்கத்துக் கடலூரும் 1993 செப்டம்பர் வரை ஒரே தென்னார்க்காடு மாவட்டம். அந்தத் தென்னார்க்காட்டில் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடர் தெரியாத விவசாயி கிடையாது. கமாக்சின் என்றும் சொல்வார்கள். நெல் பால் பிடிக்கும்போது கதிர்நாவாய்ப் பூச்சி வந்தால், விடியற்காலைப் பனி ஈரத்தில், பவுடரைத் துணியில் மூட்டையாய்க் கட்டிக் குச்சியால் தட்டிக்கொண்டே வரப்பில் நடப்பார்கள். வெள்ளையாய்க் கதிர்மேல் படியும். தட்டினவர் மீசையிலும் படியும். மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து எறும்புப் புற்றில் போடுவார்கள். போட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சோறு பிசைவார்கள்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் சேர்ந்து வெள்ளாற்றுப் படுகையில் இதைத் துரத்திப் பார்த்தார்கள். வயலில் போட்ட மருந்து எங்கே போகிறது? காற்றைப் பிடித்தார்கள், வாய்க்கால் தண்ணீரை எடுத்தார்கள், மண்ணையும் கழிமுகச் சேற்றையும் அள்ளினார்கள். குளிர் நாட்டில் படித்த பாடத்தின்படி, மண்ணில் தங்கி, தண்ணீரோடு கரைந்து, ஆற்றோடு கடலுக்குப் போக வேண்டும். 1991-ல் வந்த முடிவு வேறு மாதிரி. போட்டதில் 99.6 சதவீதம் ஆவியாகிக் காற்றில் ஏறிவிட்டது. கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது 0.4 சதவீதம். வெயில், தேங்கிய தண்ணீர், சூடான சேறு, மூன்றும் சேர்ந்து மருந்தை ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டன. ஆறு சுத்தமாய்த் தெரிந்தது. கேடு தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது.

போனது எங்கே? சூடான இடத்தில் ஆவியாகும், குளிர்ந்த இடத்தில் இறங்கும். மறுபடி எழும், மறுபடி இறங்கும். கடைசியில் எழ முடியாத குளிரில் போய் உட்காரும். பி.எச்.சி. ஒரு மூட்டைகூட விற்காத ஆர்க்டிக் கடலில் அதை விஞ்ஞானிகள் வண்டி வண்டியாய்க் கண்டார்கள். உலகத்தில் அதை அதிகம் கொட்டிய நாடுகளில் சீனாவும் நாமும் முன்வரிசை. எல்லாம் பறந்துபோயிற்று என்று நாம் தப்பித்துவிடவும் இல்லை: தென்னிந்தியத் தாய்மாரின் பாலைச் சோதித்து 1990-ல் வெளியிட்ட ஆய்வில், அதிலும் இருந்தது. இந்தியா பி.எச்.சி.யைத் தடை செய்ய 1997 ஆனது. அதற்குள் எத்தனை அறுவடை என்று விரல் விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

குளிர் நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தென்னார்க்காட்டு வயலிலேயே எழுதிய சாட்சி. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த மாவட்டத்துக்கு என்று, இந்த வெயிலுக்கும் ஏரிக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் என்று, ஒரு பிராந்திய மாடலைச் செய்து, ஆலைக்கு அனுமதி கேட்டு வருகிறவன் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டுகிற அரசாங்கம் அமையவில்லை. அமைந்தது என்னவென்றால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன்படி மதிப்பீட்டு அறிக்கையை எழுதுகிற கன்சல்டன்டை வைத்துக்கொள்பவர் ஆலை முதலாளி. சம்பளம் கொடுப்பவரும் அவரே. ஒரு பருவத்தின் தரவு போதும், அதுவும் மழைக்காலம் இல்லாத பருவமாக. விழுப்புரத்தில் ஐப்பசி, கார்த்திகையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? புழுதி. ஏரி நிரம்பாத, ஓடை ஓடாத, கிணற்றில் தண்ணீர் ஏறாத மாதங்களில் போய், தண்ணீரோடு எதுவும் பரவவில்லை என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். உண்மைதான். தண்ணீரே இல்லை. மண்ணுக்கு ஏற்ப மாற்ற வேண்டிய கணக்கை, விண்ணப்பதாரருக்கு ஏற்ப மாற்றியாகிவிட்டது.

விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ் ஏறினால் கடலூர். அதன் சிப்காட் தொழிற்பேட்டையைப் பற்றி எழுதினால் கோபத்தில் பேனா ஓட்டையாகும். 1980-களில் வந்த ஆலைகள். பக்கத்தில் குடிகாடு போன்ற ஊர்கள். இரவில் வருகிற நாற்றத்தை அந்த ஊர்க்காரர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார்கள். தேதி, நேரம், எந்தத் திசைக் காற்று, என்ன வாடை: அழுகிய முட்டை, நகப்பாலீஷ், செத்த பிணம். எந்த வாடை எந்த ஆலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பிறகு பிளாஸ்டிக் வாளியில் பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2004-ல் வெளியான அந்த அறிக்கையில் 22 நச்சு ரசாயனங்கள், அவற்றில் எட்டு புற்றுநோய் வரவழைப்பவை. இந்த நாட்டின் மிகத் துல்லியமான பிராந்திய மாடல் அப்போது குடிகாட்டில்தான் இருந்தது: ஒரு வாளி, ஒரு நோட்டு, சில நூறு மூக்கு. காற்று நின்றாலும் வேலை செய்தது.

அதிகாரிகள் என்ன சொன்னார்கள்? வரம்பு மீறவில்லை. அதுவும் உண்மைதான். அந்தக் காற்றில் இருந்த பெரும்பாலான ரசாயனங்களுக்கு நாட்டில் வரம்பே கிடையாது. இல்லாத கோட்டை எவன் தாண்ட முடியும்? 2009-ல் புதுப்பித்த தேசியக் காற்றுத் தரப் பட்டியலில் மொத்தம் பன்னிரண்டு பெயர்கள். வாடை அடிக்கிற கரைப்பான் கூட்டத்தில் பென்சீனுக்கு மட்டும் இடம் கிடைத்தது. மற்றவை எல்லாம் சட்டத்தின் கண்ணில் வெறும் வாசனை.

பிறகு நாக்பூரின் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் அளந்து பார்த்தது. அதன் தரவை வைத்து, 2008-ல் வந்த செய்தி: கடலூர் சிப்காட்டைச் சுற்றி வாழ்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2,000 மடங்கு அதிகம். மறுவருடம் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் போட்ட பட்டியலில் கடலூருக்கு 77.45 மதிப்பெண். எழுபதைத் தாண்டினாலே 'மிகக் கடுமையாக மாசுபட்டது'. பள்ளிக்கூடத்தில் இந்த மார்க்குக்கு முதல் வகுப்பு, மிட்டாய் கொடுத்திருப்பார்கள். இங்கேயும் ஏறக்குறைய அதுதான் நடந்தது: 2010-ல் விரிவாக்கத்துக்குத் தடை போட்டார்கள், பிறகு தடையை எடுத்துவிட்டார்கள். 2025 மே மாதம் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டி வெடித்து, ரசாயனத் தண்ணீர் குடிகாட்டு வீடுகளுக்குள் புகுந்தது. எந்தப் பக்கம் போகும் என்று ஊர்க்காரர்கள் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பக்கம்தான் போனது.

ஒவ்வொரு ஆலையின் அறிக்கையையும் தனித்தனியாய் எடுத்துப் பாருங்கள், எல்லாம் வரம்புக்குள். ஆலை ஒவ்வொன்றும் தன் வட்டத்துக்குள் நல்ல பிள்ளை. எல்லா வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில் ஒரு குழந்தை மூச்சு விடுகிறது. அந்த இடத்துக்கு அறிக்கை எழுத எவரும் யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. இப்போது திண்டிவனம் சிப்காட்டில் உணவுப் பூங்கா. நல்லது, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். மதிலுக்குள் எதெது வரும், எது எதோடு சேரும் என்ற கூட்டல் கணக்கை முதல் நாளே யார் போடப் போகிறார்கள் என்று மட்டும் ஒருவர் சொல்லிவிட்டால் போதும்.

சரி, ரசாயனம் காற்றிலும் தண்ணீரிலும் மட்டும்தான் பரவுமா? விழுப்புரத்துக்காரர்களைக் கேளுங்கள். 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம். மீனவர் கிராமம். சாராயம் என்று குடித்தது மெத்தனால். தொழிற்சாலைக்கு என்று செய்த மெத்தனால் என்று போலீசே அறிவித்தது. சென்னைப் பக்கத்து ரசாயன ஆலையிலிருந்து கிளம்பி, புதுச்சேரி வழியாகக் கைமாறி, கேனில் ஏறி, பாக்கெட்டில் இறங்கி, விழுப்புரத்திலும் செங்கல்பட்டிலும் ஒரே சமயத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மறுவருடம் ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரம். 2019 வரை அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான். அங்கே அறுபதுக்கும் மேல். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகும். முதலில் கண்ணைப் பிடுங்கும். கண் தெரியவில்லை என்று வெயில் நேரத்தில் விளக்கைப் போடச் சொல்வார்கள்.

தொழிற்சாலை ரசாயனம் ஒன்று மூன்று மாவட்டம், ஒரு யூனியன் பிரதேசம் தாண்டிப் பரவி, வீடு வீடாய்ப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிராந்தியப் பரவல் என்று பாடப்புத்தகத்தில் எழுத இதைவிட என்ன வேண்டும்? மூலம் தெரியும், வழி தெரியும், எந்தெந்தக் கையில் நின்று போனது என்பதும் தெரியும். போலீஸ் நிலையம் இருந்த வழி அது, சுங்கச்சாவடி இருந்த வழி. சாவடியில் வண்டி நம்பர் பதிவாகும், கட்டணம் கழியும், தடுப்பு எழும்பும். டேங்கருக்குள் என்ன, கேனுக்குள் என்ன என்று கேட்கிற தடுப்பு எங்கும் இல்லை. மெத்தனாலுக்கு 1959-லேயே தமிழ்நாட்டில் விதி எழுதி வைத்திருக்கிறோம். விதி இருந்தது, பதிவேடு இருந்தது, ஆட்கள் செத்தார்கள். தலைக்குப் பத்து லட்சம் நிவாரணம். எத்தனை பேர் செத்தார்கள் என்பதை மட்டும் அரசாங்கம் தவறாமல் துல்லியமாய் எண்ணுகிறது. செக் எழுத வேண்டியிருக்கிறதே.

ஆற்றைச் சொல்லாமல் விட முடியாது. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி சாக்கடையும் சோப்பும் ரசாயனமும் நுரைத்துத் தீப்பிடித்தே எரிந்த ஏரி. அது வர்த்தூர் வழியாய்த் தென்பெண்ணையில் வடிகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால் வெள்ளை நுரை மலை மலையாய் மிதக்கும். செய்திச் சேனல்கள் ஹெலிகாம் விட்டு எடுக்கும். பார்க்க ஊட்டிப் பனி மாதிரி இருக்கும். அதே ஆறுதான் கிருஷ்ணகிரி, சாத்தனூர் தாண்டி, திருக்கோவிலூர் வந்து, விழுப்புரம் மாவட்டத்துக்குள் பாய்கிறது. கர்நாடகம் தண்ணீர் தரவில்லை என்று வழக்குப் போட்டோம். அனுப்புகிற தண்ணீரில் என்ன அனுப்புகிறார்கள் என்று நுரையைத் தவிர யாரும் சாட்சி சொல்வதில்லை.

ஃபெஞ்சலின்போது, 2024 டிசம்பர் 2 விடியற்காலையில், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஊர்களுக்குள் ஆறு வந்தது. வயல்களில் மேடு மேடாய் மணலும் சேறும். அந்தச் சேற்றில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்க வேண்டியது வேளாண்மைத் துறையா, பொதுப்பணித் துறையா, மாசு வாரியமா என்று கேட்டுப் பாருங்கள். மூன்று அலுவலகத்துக்கு நடந்து செருப்பு தேயும். ஆனால் மறுநாள் இருவேல்பட்டில், பார்வையிட வந்த அன்றைய அமைச்சர் பொன்முடி மேல் மக்கள் சேறு வீசினார்கள். உடனே விசாரணை சூடுபிடித்தது. அந்தச் சேற்றின் மூலம் எது, எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தக் கட்சி, யார் கை என்று அன்றைக்கே ஆராய்ந்துவிட்டார்கள். மாவட்டத்தில் லட்சக்கணக்கான டன் சேறு இறங்கியதில், மூலமும் வழியும் இறங்கிய இடமும் சுத்தமாகத் துப்புத் துலக்கப்பட்டது ஒரு சட்டையில் விழுந்த கைப்பிடி மட்டும். ஆக, திறமை இருக்கிறது. மனசு வைத்தால் முடியும்.

மனசு வைக்கச் சொல்லி மனு கொடுத்துப் பயனில்லை என்பதால், நடைமுறைக்கு வருகிற மாதிரி ஒன்று கேட்கிறோம். அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நேரத்தை மாற்றுங்கள். காலை பதினொன்றுக்கு, வெயில் ஏறி, காற்று நன்றாக அடித்து, புகை மேலே போய்விட்ட பிறகு வேண்டாம். தை மாதம், விடியற்காலை நான்கு மணி. பனி இறங்கி, ஒரு இலை அசையாத நேரம். ஷாமியானா வேண்டாம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஆலையின் மதிலை ஒட்டிய தெருவில் பெஞ்சு போடுகிறோம். மாவட்ட ஆட்சியர், வாரியப் பொறியாளர், ஆலை முதலாளி, கன்சல்டன்ட் நால்வரும் எங்களோடு ஆறு மணிவரை உட்கார வேண்டும். மாடல் கணக்கில் சேராத நேரம் அது. ஆகவே உங்கள் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. முகக்கவசத்துக்கு அனுமதி இல்லை. நடவடிக்கைக் குறிப்பை அந்தப் பெரியம்மா சொல்லச் சொல்ல, வாரியப் பொறியாளர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.